இரைச்சலக்காவும் ஏழு மேகங்களும்

அந்த வெள்ளை வேன் தெருமுனையில் திரும்பினாலே போதும், ஊரில் பாதிப் பேர் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். வேனின் கூரையில் மீன்முள் போல ஓர் ஆன்டெனா இருக்கும். அது மெல்லச் சுழன்று யார் வீட்டைப் பார்த்து நிற்கிறதோ, அந்த வீட்டுக்காரர் உள்ளே ஓடி எதையாவது அணைப்பார். எதை அணைப்பது என்று அவருக்கே தெரியாது. ஒருவர் மின்விசிறியை அணைப்பார், இன்னொருவர் வாசல் மணியின் வயரைப் பிடுங்குவார். ஒரு பெரியவர் பதற்றத்தில் தன் காது மிஷினையே கழற்றி வைத்துவிட்டு, வேன்காரி கேட்ட எதுவும் காதில் விழாமல் கடைசிவரை சிரித்தபடியே நின்றார்.

வேனை ஓட்டி வருகிறவளுக்கு ஊர் வைத்த பெயர் இரைச்சலக்கா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் "என்னங்க?" என்று திரும்புவாள்.

ஊருக்கு வெளியே, சுற்றிலும் மலைகள் நிற்கும் வறண்ட சமவெளியில், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வீட்டையே வைத்துவிடலாம் போன்ற பெரிய டிஷ்கள் வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்ததுதான் ரேடியோ தொலைநோக்கி. விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அது கேட்கிறது. ஆனால் அந்த அலைகள் வந்து சேரும்போது மிக மிக மெலிந்திருக்கும். ஊரில் ஒரு மட்டமான சார்ஜர் பழுதானால் போதும், அதன் கரகரப்பு அத்தனை நட்சத்திரங்களையும் அமுக்கிவிடும். அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்துப் போய், அதன் வாயை அடைப்பதுதான் அவள் வேலை.

அவள் யாரையும் அதட்டியதில்லை. கதவைத் தட்டுவாள், "உங்க வீட்டுல ஏதோ ஒண்ணு வானத்தோட பேசிக்கிட்டு இருக்குங்க, பாக்கலாமா?" என்பாள். கோழிப்பண்ணைக்காரரின் குஞ்சு பொரிக்கும் பெட்டி, சூடு ஏறி இறங்கும்போதெல்லாம் பொறி விட்டு, ஒரு மாதம் விஞ்ஞானிகளைப் பாடாய்ப் படுத்தியது. அவள் பண்ணைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதற்குத் தகரத்தில் ஒரு கவசம் செய்து மாட்டினாள். முன்னைவிட அதிகமாகக் குஞ்சு பொரிக்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதற்கும் கவசத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அவள் எத்தனை தடவை சொல்லியும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தப் பிடிவாதம் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. சின்ன வயதில், மத்தியான வெயிலில் வீடே அசந்து தூங்கும்போது எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. ஜன்னல் கொக்கியா, மின்விசிறியா, அலமாரிக் கதவா என்று கண்டுபிடித்த பிறகுதான் படுப்பாள். ஸ்டூல் மேல் ஏறி அவள் மின்விசிறியைக் கழற்றுவாள். கீழே நின்று உள்ளங்கையில் திருகாணிகளை வாங்கிக்கொள்வது தங்கையின் வேலை. பல வயது இளையவள். வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டி.

அக்கா மின்னணுவியல் படித்துவிட்டு டிவி தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தாள். ரொட்டி சுடுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் இந்த ஊரில் பேக்கரி வைக்க வந்தபோது கூடவே வந்தவளை, தொலைநோக்கி நிலையம் கையோடு பிடித்துக்கொண்டது. குட்டி இயற்பியல் படித்தாள், ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி செய்தாள். கடைசியில் அவளும் அதே நிலையத்தில் வானியலாளராக வந்து இறங்கி, பேக்கரிக்கு மேலேயே இருந்த அக்கா வீட்டு மாடியில் குடியேறினாள். அவர்களுடைய அம்மா போனில் சொன்னாள்: "ஒருத்தி சத்தம் வேணாம்னு விரட்டுறா, இன்னொருத்தி யாருக்கும் கேக்காத சத்தத்தைத் தேடிக்கிட்டு அலையுறா. ரெண்டு பேரையும் ஒரே இடத்துல சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்களே, அவங்களைச் சொல்லணும்!"

குட்டி தேடியது மேகங்களை. மழை மேகமில்லை, ஹைட்ரஜன் வாயு மேகம். நம்முடைய பால்வெளி மண்டலத்துக்கு வெளியே, அதை ஒட்டினாற்போல, நட்சத்திரம் எதுவும் இல்லாமல் வெறும் வாயுவாக மிதந்து திரியும் சின்னச் சின்ன மேகங்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஹைட்ரஜன் தனக்கென்று ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ரேடியோ அலை விடும். மேகம் நம்மை நோக்கி வந்தால் அந்த அலைவரிசை கொஞ்சம் ஏறும், விலகிப் போனால் இறங்கும். எவ்வளவு ஏறியது இறங்கியது என்று பார்த்தால் மேகத்தின் வேகம் தெரிந்துவிடும்.

"சின்ன மேகம்னா எவ்வளவு சின்னது?" என்று பேக்கரிக்காரர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"ரொம்பச் சின்னது மாமா. இந்த ஓரத்துல விளக்குப் போட்டா அந்த ஓரத்துக்கு வெளிச்சம் போய்ச் சேர ஒரு நூறு வருஷம் ஆகும்."

அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப பெருசைப் பத்தி எங்கிட்ட சொல்லாதே."

விவகாரம் ஆரம்பித்தது ஒரு காலை நேரத்தில். ரேடியோ தொலைநோக்கிக்குப் பகல் இரவு என்ற பேதமில்லை. சூரியன் சுள்ளென்று அடிக்கும்போதே மேகங்களைக் கேட்கலாம். பழைய வரைபடம் ஒன்றில் அழிரப்பர் தேய்த்தது போல மங்கலாகத் தெரிந்த ஓர் இடத்தைக் குட்டி குறி வைத்திருந்தாள். மற்ற டிஷ்களுக்கெல்லாம் புதிய கருவி பொருத்திக்கொண்டிருந்ததால், ஒரே ஒரு டிஷ்தான் அவளுக்குக் கிடைத்தது. ஒற்றை டிஷ்ஷால் படம் எடுக்க முடியாது. அந்தத் திசையிலிருந்து எந்தெந்த அலைவரிசையில் ஓசை வருகிறது என்று ஒரு கோடு மட்டும் வரையும்.

அந்தக் கோட்டில் ஒரு மேடு வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது மேடில்லை. மெல்லிய முட்கள், பக்கத்தில் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வரிசையாக ஏழு.

"ஐயய்யோ, சீப்பு" என்றார் டிஷ்ஷை இயக்கும் ஆபரேட்டர்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் பார்த்த மாத்திரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். இயற்கை இவ்வளவு ஒழுங்காகப் பல் வைத்துச் சீப்புச் செய்யாது. மலிவான மின் கருவிகள் செய்யும். சமமான இடைவெளியில் முள் முள்ளாக வந்தால், எங்கோ யாரோ ஒரு டப்பா சாமானை வாங்கிச் சொருகியிருக்கிறார் என்று அர்த்தம். நிலையத்தின் இயக்குநரம்மா எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "அக்காவைக் கூப்பிடுங்க" என்றார்.

அக்கா வந்து திரையைப் பார்த்தாள். தங்கை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீப்புதான்" என்றாள் அக்கா.

"அக்கா, நல்லாப் பாரு. இடைவெளி எல்லாம் ஒண்ணு போல இல்ல. அஞ்சாவது பல்லு கொஞ்சம் தள்ளி இருக்கு."

"சூடானா தள்ளிப் போகும். மலிவு சாமான் அப்படித்தான்."

"எல்லாமே ஹைட்ரஜன் இருக்க வேண்டிய எடத்துலயே வந்து உக்காந்திருக்கே?"

"உக்கார எடமா இல்ல அதுக்கு? நீ ஆசைப்பட்டுப் பாக்குற குட்டி."

அந்த ஒரு சொல் தங்கைக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று சாப்பாட்டு மேசையில் இருவரும் பேக்கரிக்காரர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "மாமா, உப்பை இங்க தள்ளச் சொல்லுங்க." "ஏங்க, உப்பு அவ பக்கத்துலயேதான் இருக்குன்னு சொல்லுங்க." நடுவில் உட்கார்ந்திருந்த மனிதர், சொன்னதை எல்லாம் வரி பிசகாமல் இரண்டு பக்கமும் ஒப்பித்துவிட்டு, தன் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

இயக்குநரம்மாவின் முடிவு நியாயமாகத்தான் இருந்தது. இரைச்சலா மேகமா என்று தெரியாமல் மேற்கொண்டு தொலைநோக்கி நேரம் தர முடியாது. எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிறார்கள். அக்கா முதலில் அந்தச் சீப்பு யாருடையது என்று கண்டுபிடிக்கட்டும்.

அக்காவுக்கு மூக்கில் வேர்த்தது. வேட்டை என்று வந்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். வேனை எடுத்தாள். முடிதிருத்துபவர் கடை வாசலில் புதிதாக ஓடும் எழுத்து விளக்கு மாட்டியிருந்தார். ஆன்டெனா நேராக அதைத்தான் பார்த்தது. "ஆஹா, ஆள் மாட்டினான்" என்று இறங்கிப் போனாள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டு, முடிதிருத்துபவர் வெளியே வந்து விளக்கை அணைத்தார். வேனுக்குள் இருந்த திரையில் ஒரு கரகரப்பு அடங்கியது. நிலையத்துக்குப் போன் போட்டாள். "சீப்பு போச்சா?"

"அப்படியே இருக்குக்கா" என்றார் ஆபரேட்டர்.

தச்சுப் பட்டறையில் புது இழைப்பு மிஷின். அணைத்தார்கள், சீப்பு இருந்தது. பள்ளிக்கூடத்தில் நேரம் காட்டும் பலகை. அணைத்தார்கள், சீப்பு இருந்தது. சொந்தப் புருஷனின் மாவு பிசையும் மிஷினைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. "என்னையே சந்தேகப்படுறியா?" என்று அவர் கேட்டதற்கு, "உங்களை இல்லைங்க, உங்க மோட்டாரை" என்றாள். ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒரு சின்ன இரைச்சல் சிக்கியது, ஏழு பல் சீப்பு மட்டும் சிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் இப்படிப் போக்குக் காட்டியது எதுவும் இல்லை.

எரிச்சல் வர வேண்டியவளுக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று வேறு ஏதோ ஊறியது. ஒருநாள் வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு அவளாகவே தங்கைக்குப் போன் போட்டாள்.

"குட்டி, ஊரையே அணைச்சுப் பாத்துடலாமா?"

தன் காதில் விழுந்தது சரிதானா என்று குட்டி போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "ஊரை எப்படிக்கா அணைப்பே?"

"வருஷத்துக்கு ஒருதடவை பராமரிப்புன்னு கரண்டை நிறுத்துறாங்கல்ல? அதை இந்தத் தடவை முன்னாடியே நிறுத்தச் சொன்னா ஆச்சு."

மின்சார ஆபீஸ் பொறியாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் ஒற்றைக்காலில் நின்றாள். எதற்காக என்று அவர் கேட்டார். பால்வெளி மண்டலத்துக்குப் பக்கத்தில் ஏழு மேகம் இருக்கிறதா, இல்லை இந்த ஊரில் ஒரு சார்ஜர் பழுதா என்று பார்க்க வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுவரைக்கும் கரண்டை நிறுத்தினதுக்குத் திட்டுதான் வாங்கியிருக்கேன். மேகம் இருந்தா எங்க பேரையும் ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?" என்றார். தேதி குறித்தாகிவிட்டது.

சேதி ஊரில் தீயாய்ப் பரவியது. முடிதிருத்துபவர் கடையில் அது ஒன்றுதான் பேச்சு. இத்தனை நாள் அவளைக் கண்டால் ஒளிந்தவர்கள் எல்லாம் வேனை நிறுத்திக் கேட்டார்கள்: "பேட்டரியில ஓடுற கடிகாரத்தையும் கழட்டிடவா அக்கா?" "செல்போனை என்ன பண்ணட்டும்?" செல்போன்களை அணைத்து, பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு மூடச் சொன்னாள். கோழிப்பண்ணைக்காரர் குஞ்சுகளுக்குச் சூடு போய்விடுமே என்று கவலைப்பட்டார். பேக்கரி அடுப்பு சட்டென்று ஆறாது, பெட்டிகளை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேக்கரிக்காரர் வழி சொன்னார். அன்றைக்கு ரொட்டி வாங்க வந்தவர்கள், கடைக்குள் கீச்கீச் என்று கத்தும் குஞ்சுகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

குறித்த நாள் முற்பகலில் ஊர் அடங்கியது. அக்கா அப்போது நிலையத்தின் அறையில், தங்கைக்குப் பின்னால் நின்றிருந்தாள். நிலையத்துக்குப் பூமிக்கடியில் தனி மின்கலங்கள் உண்டு, அதனால் தொலைநோக்கி நிற்கவில்லை. ஜன்னல் இல்லாத, சுவரெல்லாம் உலோகத் தகடு அடித்த அந்த அறையில் ஆபரேட்டர், இயக்குநரம்மா, இரண்டு சகோதரிகள். திரையில் கோடு மெல்ல மெல்ல உருவாகிக்கொண்டிருந்தது. அக்கா பல முறை பார்த்த படம்தான். ஆனால் இப்படி ஒரு சுத்தமான கோட்டை அவள் பார்த்ததே இல்லை. ஊரின் முணுமுணுப்பு முழுவதும் வடிந்து, தரை தெரியும் வரைக்கும் தெளிந்த குளம் போல இருந்தது.

அந்தத் தெளிவின் நடுவில் ஒன்றாவது முள் எழுந்தது. இரண்டாவது. மூன்றாவது.

"இருக்கு" என்றாள் குட்டி, விரலால் ஒவ்வொன்றாக எண்ணியபடி.

ஏழும் வந்து நின்றன. முன்னைவிடக் கூர்மையாக, ஆணி அடித்தது போல.

"இருக்குக்கா! ஊரே இல்ல, இது மட்டும் இருக்கு!" குட்டி நாற்காலியோடு சுழன்று அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அக்காவும் அவள் தலையைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஆனாலும் அவள் குணம் அவளை விடவில்லை.

"கொஞ்சம் இரு. டிஷ்ஷை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லு."

ஆபரேட்டர் டிஷ்ஷை வானத்தின் வேறு பக்கம் திருப்பினார். சீப்பு மறைந்தது. திரும்பக் கொண்டுவந்தார். சீப்பு வந்தது. எனவே டிஷ்ஷுக்குள்ளேயே பிறக்கும் இரைச்சலும் இல்லை.

இயக்குநரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல ஏதாவது செயற்கைக்கோள் இருந்தா?" அவர் குரலிலும் ஓர் அவசரம் வந்திருந்தது. "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா அவசரப்பட்டு வாயை விட்டுட்டா அப்புறம் மானம் போயிடும். தினம் காலையில கொஞ்ச நேரம் தர்றேன். சில வாரம் பாருங்க."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் வானத்தில் உள்ள ஒரு மேகத்தை நோக்கி நாம் போகும் வேகம் நாளுக்கு நாள் மாறும். மேகத்தின் அலைவரிசையும் நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தெரியும். ஊரில் இருக்கும் சார்ஜருக்கு அந்த வம்பு இல்லை. அது நம்மோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. அதன் முள் போட்ட இடத்தில் போட்டபடி கிடக்கும்.

அந்த வாரங்களில் அக்கா இருந்த இருப்பைப் பார்த்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை என்றுதான் புருஷன் கேலி செய்தார். டீயில் உப்பைப் போட்டாள். வேனை பேக்கரி வாசலில் விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போய், பாதி வழியில் வேன் எங்கே என்று திகைத்து நின்றாள். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக, "நகந்துச்சா?" என்று கேட்டார்கள்.

நிலையத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் அடுத்தடுத்த அறை. நடுவில் ஒரு மெல்லிய தடுப்புதான். ஒருநாள் காலையில் அக்கா தன் திரையில் பழைய கோட்டை வைத்து, அதன் மேல் அன்றைய கோட்டைப் போட்டாள். பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். ஏழு பல்லும் ஒன்றுபோல ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தன. கைகோத்துக்கொண்டு ஒரு எட்டு எடுத்து வைத்தது மாதிரி.

"குட்டி! நகந்துடுச்சு!" என்று கத்தினாள்.

அதே நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு கத்தல்: "அக்கா! அசையவே இல்ல!"

இருவரும் வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

"என்ன சொல்றே? நகந்துடுச்சுடி, நான் இப்பத்தான் பாத்தேன்!"

"இல்லக்கா, இம்மிகூட நகரல, வந்து பாரு!"

"உன் கண்ணுல கோளாறு!"

"உன் மிஷின்ல கோளாறு!"

ஆபரேட்டர் தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கமாக வந்தவர், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சண்டையா, சந்தோஷமா? அதைச் சொல்லிடுங்க, அதுக்கேத்த மாதிரி நிக்கிறேன்."

முதலில் குட்டிக்குத்தான் பொறி தட்டியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா... உன் திரை, இங்க வர்றதை அப்படியே காட்டுது. இல்ல?"

"ஆமா. நான் ஊர் இரைச்சலைத்தானே தேடுறேன்."

"என்னுது பூமியோட ஓட்டத்தைக் கழிச்சுட்டுக் காட்டுது."

அக்கா இரண்டு அறைத் திரைகளையும் எட்டி எட்டிப் பார்த்தாள். அப்புறம் அது அவளுக்குள் மெல்ல மெல்ல இல்லாமல், மடை திறந்தது போல ஒரே பாய்ச்சலாகப் புரிந்தது. ஊர்ச் சாமானாக இருந்தால் அவள் திரையில் அசையாமல் இருக்க வேண்டும். அசைந்துவிட்டது. பூமியின் ஓட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நகர்வே இல்லை. அப்படியென்றால் நகர்ந்தது அது இல்லை. நகர்ந்தது பூமி, இந்த அறை, இந்தத் தடுப்பு, அவர்கள் இரண்டு பேரும்.

"அப்ப அது மேலதான் இருக்கு" என்றாள் அக்கா. "ஏழும் மேலதான் இருக்கு குட்டி! நான் சொன்னது தப்பு! சுத்தத் தப்பு!"

தப்பு என்று சொல்லிவிட்டு இப்படிக் குதிக்கிற ஆளை ஆபரேட்டர் அதுவரை பார்த்ததில்லை. கையிலிருந்த தேநீர் பாதி தரையில் சிந்தியது. அது பற்றி யாருக்கும் கவலையில்லை. அக்கா தங்கையை இழுத்துக்கொண்டு தாழ்வாரம் நெடுக ஓடினாள். இயக்குநரம்மாவின் அறைக்கதவைத் தட்டாமலே திறந்து, "அம்மா, இரைச்சல் இல்லைங்க, மேகம்!" என்றாள். அவர் போனில் யாரோ பெரிய அதிகாரியோடு பேசிக்கொண்டிருந்தார். "அப்புறம் கூப்பிடுறேன், இங்க மேகம் வந்திருக்கு" என்று போனை வைத்துவிட்டார். எதிர்முனையில் இருந்தவர் குடை எடுத்துப் போகச் சொல்லிச் செய்தி அனுப்பியதாகப் பிறகு தெரிந்தது.

புதுக் கருவிகள் பொருத்தி எல்லா டிஷ்களும் தயாரானபோது, முதல் வேலையாக அந்த இடத்தைத்தான் பார்த்தார்கள். பல டிஷ்கள் சேர்ந்து கேட்டால் படமே எடுக்கலாம். படம் கணினியில் தயாராகி வர வர, அறையில் நிற்க இடமில்லை. பழைய வரைபடத்தில் ஒரே மொத்தையாகத் தெரிந்த அந்த மங்கல், பிரிந்து பிரிந்து ஏழு தனித்தனி மேகங்களாக நின்றது. ஒன்றன் பின் ஒன்றாக, லேசாக வளைந்த ஒரே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் இறுகிய உருண்டைத் தலை. பின்னால் கலைந்து நீளும் வால். குளத்தில் தலைப்பிரட்டைகள் அணி வகுத்துப் போவது போல இருந்தது.

"ஏதோ ஒரு பெரிய மேகம் நம்ம பால்வெளியை நோக்கி விழும்போது பிய்ஞ்சு போயிருக்கணும்" என்றாள் குட்டி. அவள் விரல் திரையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. "முன்னாடி போறது வேகமாப் போகுது, பின்னாடி வர்றது கொஞ்சம் கொஞ்சமா மெதுவா. அதனாலதான் படிப்படியா வேகம் மாறி, இடைவெளி ஒண்ணு போல சீப்பு மாதிரி தெரிஞ்சிருக்கு. வால் எல்லாம், போற வழியில இருக்குற வெப்பமான வாயு உரசி உரசி இழுத்துவிட்டது."

"இந்த அஞ்சாவது ஏன் தள்ளி நிக்குது?" என்றாள் அக்கா.

"தெரியல." குட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தெரியவே இல்லக்கா! அதுதான் அடுத்த வேலை."

அந்த வார இறுதியில் பேக்கரியில் கூட்டம். சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். கரண்டை நிறுத்திய பொறியாளர் மனைவியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். குட்டி முதலில் அவருக்குத்தான் நன்றி சொன்னாள். அவர் எழுந்து நின்று எல்லாப் பக்கமும் கும்பிட்டார். முடிதிருத்துபவர் மூன்றாவது மேகத்தைப் பார்த்து, "இதுக்கு வாலை கொஞ்சம் வெட்டிவிட்டா லட்சணமா இருக்கும்" என்றார்.

கோழிப்பண்ணைக்காரர் கையைத் தூக்கினார். "எல்லாம் சரி, இந்த மேகத்துலேருந்து மழை வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஊரில் அது சிரிப்பதற்கான கேள்வி இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். அவளே எழுந்தாள்.

"வரும். ஆனா நம்ம மேல இல்ல. இது பால்வெளி மேல விழும். விழுற வழியில உருக்குலையாம தப்பிச்சா, அங்க இருக்குற வாயுவோட கலந்து, பின்னால அதுலேருந்து புது நட்சத்திரம் உண்டாகும்."

கோழிப்பண்ணைக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இன்னும் பொரிக்கல" என்றார். "முட்டையா இருக்கு."

குட்டி துள்ளி எழுந்து, "இதைவிட நல்லா நான் சொல்ல முடியாதுங்க!" என்றாள். அவர் வெட்கத்தில் தலையைச் சொறிந்தார்.

ஆய்வுக் கட்டுரையில் தங்கையின் பெயருக்கு அடுத்து அக்காவின் பெயர் இருந்தது. பெயரைவிட, கூப்பிட்டுக் கூப்பிட்டு யார் யாரோ தொலைதூரத்திலிருந்து கேட்ட கேள்விகள்தான் அவளுக்குப் பிடித்திருந்தன. இரைச்சல் இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். "ஊரையே அணைச்சோம்" என்று அவள் ஆரம்பித்தால், கேட்டவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரும் சத்தம் போனிலேயே கேட்கும்.

வேன் வேலை நிற்கவில்லை. ஊரில் புதிது புதிதாகச் சாமான்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் வாரத்தில் பாதி நாள் அவள் இப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம், தங்கையின் அறையில். அந்த யோசனை அவளுடையதுதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து, "குட்டி, எத்தனை வருஷமா சீப்புன்னு ஒதுக்கி வெச்சிருக்கோம்! எல்லாக் கணக்கும் கம்ப்யூட்டர்ல அப்படியே கிடக்கு. அதை ஒருதடவை கிளறினா என்ன?" என்றாள். இருவரும் தட்டைப் போட்டது போட்டபடி மாடிக்கு ஓடினார்கள்.

ஒதுக்கியதில் முக்கால்வாசி குப்பையேதான். சார்ஜர், விளக்கு, யாரோ ஒருவரின் பழைய மிக்ஸி. ஒவ்வொன்றும் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருந்தது என்பதைக்கூட அக்கா சொல்வாள். நடுநடுவே ஒன்று அவளிடம் மாட்டாமல் நழுவும். அவள் பேச்சை நிறுத்துவாள். திரைக்குக் கிட்டே குனிவாள். பூமியின் ஓட்டத்தைக் கழித்தும் கழிக்காமலும் போட்டுப் பார்ப்பாள்.

போன மழைக்காலத்தில், வீட்டு மாடியில் இருவரும் உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தபோது அப்படி ஒன்று சிக்கியது. ஒற்றை முள், ஒரு குட்டி மேகம், வானத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத மூலையில், தன்னந்தனியாக நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. வெளியே தகரக் கூரையில் மழை கொட்டிய கொட்டில் அவர்கள் போட்ட கூச்சல் கீழே பேக்கரிக்குக் கேட்கவில்லை. எனவே அக்கா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, மாவுக் கையோடு நின்றிருந்த புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னொண்ணுங்க!" என்றாள். "இன்னொண்ணு!"